ஒரு முழத் தூரம்

நான்காம் வகுப்பின் நடுவில் தொடங்கி ஒரு வருடம் முழுக்க நான் எங்கள் வீட்டின் தபால்காரியாக இருந்தேன். ஒரே சமையலறையில், கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் நிற்கும் இரண்டு பெண்களுக்கு நடுவில் செய்தி சுமப்பது என் வேலை. "உங்க அத்தகிட்ட சொல்லு, சோறு ஆறிப்போவுதுன்னு" என்பாள் அம்மா. அத்தையின் காதில் அது விழுந்திருக்கும். ஆனாலும் நான் திரும்பிச் சொல்லும்வரை சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் சொன்ன பிறகுதான் பதில் வரும். "பசிக்கலன்னு உங்கம்மாகிட்ட சொல்லு." இரண்டு பேரும் என்னை நம்பித்தான் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை. பள்ளிக்கூடத்தில் லீடர் பதவி கிடைக்காத குறையை வீட்டில் தீர்த்துக்கொண்டேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். அதனால் எங்களோடுதான் இருந்தாள். சேரப்பணஞ்சேரியில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வீடு. தெருவில் அத்தையின் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. தண்ணீர் லாரி வரும் நாளில் அவள் இல்லாவிட்டால் எங்கள் குடம்தான் கடைசி. வாயைவிட அவள் ஞாபகசக்தி இன்னும் பொல்லாதது. அவள் பாவாடை சட்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் அவளுக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் போன உறவுக்காரர் ஒருவர் இருந்தார். அவரை அத்தை வாழ்நாள் முழுக்க 'அப்பளம்' என்றுதான் குறிப்பிட்டாள். அவர் இறந்துபோன செய்தி வந்தபோதும் "அப்பளமா? அடப்பாவமே" என்றுதான் சொன்னாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலைதான் வேடிக்கை. ஒரகடத்தில் கம்பெனிகள் வந்தன. கம்பெனிகளை நடத்த வெளிநாட்டு அதிகாரிகள் வந்தார்கள், பாதிப் பேர் கொரியாக்காரர்கள். அவர்கள் விளையாடுவதற்காக வாலாஜாபாத் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு கிளைச்சாலையில் கோல்ஃப் மைதானம் வந்தது. கொரியாவில் ஆட்டக்காரர்களின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பது பெண்கள்தானாம். அதனால் இங்கேயும் சுற்று வட்டாரத்துப் பெண்களையே வேலைக்கு எடுத்தார்கள். அந்த வேலைக்குப் பெயர் கேடி. பெயரைக் கேட்டு ஊரில் சிரிக்காதவர்கள் இல்லை. அத்தையின் முன்னால் சிரித்தவர்களும் இல்லை.

ஆட்டம் எனக்குப் புரிந்தவரை இவ்வளவுதான். எங்கோ தூரத்தில் ஒரு கொடி நிற்கும். கொடியின் காலடியில் ஒரு குழி. பை நிறைய இருக்கும் கோல்களில் ஒன்றை எடுத்து, எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பந்தை அடித்து அடித்து அந்தக் குழியில் போட வேண்டும். யார் குறைந்த அடியில் போடுகிறாரோ அவர் ஜெயித்தவர். இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று அம்மா கேட்பாள். இருவரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் அத்தை அதற்கு நீளமாகப் பதில் சொல்வாள்.

"பந்த அடிக்கிறது கை இல்ல அண்ணி, தல" என்பாள். ஒரு கொரியா சார் இருந்தாராம். ஒரு அடி தப்பாகப் போய்விட்டால், அடுத்த அடிக்கு முன்னால் குனிந்து, ஒழுங்காகக் கட்டியிருக்கும் ஷூ லேஸை அவிழ்த்து மறுபடியும் கட்டுவாராம். அவர் கட்டுவது லேஸை இல்லை, தலையைத்தான் என்பது அத்தையின் கட்சி. நிமிரும்போது போன அடி அவருக்கு ஞாபகமே இருக்காதாம். இன்னொரு சார் தப்பாக அடித்த கோலைத் திட்டுவார். திட்டிக்கொண்டே அடுத்ததையும் தப்பாக அடிப்பார். போன அடியை மறக்கிறவன்தான் இதில் ஜெயிப்பான், நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு நடக்கிறவன் குளத்தில் பந்தைத் தேட வேண்டியதுதான் என்று அத்தை கையை ஆட்டி ஆட்டிச் சொல்லும்போது அப்பா அவளை ஒரு பார்வை பார்ப்பார். அப்பளத்தை மறக்காதவள் மறதியின் பெருமையைப் பேசினால் அவரும்தான் என்ன செய்வார்.

கேடிகளும் ஆடக் கற்றுக்கொண்டார்கள். சாயங்காலம் சார்கள் எல்லாம் போன பிறகு ஆடலாம் என்று மைதானத்தில் அனுமதி உண்டு. ஊருக்குத் திரும்பிப் போகிற சார்கள் பழைய கோல்களைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அத்தைக்கும் அப்படி ஒரு பை கிடைத்திருந்தது. வருடத்தில் ஒரு நாள், விஜயதசமியன்று, மைதானம் கேடிகளுக்கு மட்டும். அன்று அவர்களுக்குள் போட்டி. அன்று ஒரு நாள் அவர்கள் பையைத் தொடக் கூடாது. வீட்டிலிருந்து யாராவது ஒருவர் வந்து அவர்களுக்காகப் பை தூக்க வேண்டும். அது அங்கே வழக்கமாகிவிட்டது.

முதல் வருடம் அப்பா தூக்கினார். கடைசிக் குழிவரை அத்தைதான் முன்னால் இருந்தாளாம். கடைசிப் பந்து குழிக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றது. குழந்தைகூடத் தள்ளிவிடும் தூரம். அத்தை அதைத் தவறவிட்டாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. வீட்டுக்கு வந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எதற்கும் அழாத அத்தை அழுவதைப் பார்த்து அம்மா பதறிப்போனாள். சுடச்சுட ரசம் கலந்த சோற்றைத் தட்டில் போட்டு எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன சொல்லித் தேற்றுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மனதில் பட்டதைச் சொன்னாள்.

"இம்மாங் கிட்டக்க வந்துச்சில்ல, சும்மா காலால தள்ளி வுட்டுருக்கலாமே."

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்கள். அம்மா பாய்ச்சியது வேல் என்று அம்மாவுக்கே தெரியாது. அத்தை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். அன்று மூடிய வாயை அம்மாவிடம் அவள் திறக்கவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த அம்மாவுக்கும் ரோஷம் வந்தது. எனக்குத் தபால் வேலை வந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகு அத்தைக்குக் கிட்டத்து அடி எதுவுமே விழவில்லை. ஒரு நாள் அவள் அப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். தூரத்திலிருந்து அடிக்கும்போது ஒன்றும் இல்லையாம். குழிக்குக் கிட்டே போய் நின்றால்தான் கை நடுங்குகிறதாம். "பந்துக்கு முன்னால நின்னா அண்ணி கொரலு கேக்குதுண்ணா. காலால தள்ளு, காலால தள்ளுன்னு" என்றாள். அப்பா மறுநாள் மருந்துக் கடையிலிருந்து ஒரு பஞ்சுச் சுருள் வாங்கிவந்து, காதில் வைத்துக்கொண்டு ஆடிப்பார்க்கச் சொன்னார். அது சரிப்படவில்லை. மலையடிவாரத்துக் கோயிலில் கறுப்புக் கயிறு மந்திரித்துக் கட்டினார். அமாவாசைதோறும் அத்தையை வாசலில் நிற்கவைத்து மிளகாய் சுற்றிப்போட்டார்கள். மிளகாய் நெடியில் தெருவே இருமியது. அத்தையின் கை மட்டும் நிற்கவில்லை. சுற்றிப்போட்டது அம்மாதான். அந்த நேரத்திலும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த விஜயதசமி நெருங்கும்போது மைதானத்தில் ஒரு செய்தி வந்தது. தையிலிருந்து பேட்டரி வண்டிகள் வரப்போகின்றன. பைகளை இனி வண்டியே சுமக்கும். கேடிகள் தேவைப்பட மாட்டார்கள். புதிதாகப் பழக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரே ஒரு பெண்ணை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். விஜயதசமிப் போட்டியில் ஜெயிப்பவள் அந்த ஒருத்தி. மற்றவர்கள் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அத்தை அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று தண்ணீர் லாரியில்கூடச் சண்டை போடவில்லை. அந்தப் புல்லைத் தவிர வேறு எங்கும் தன்னால் நிற்க முடியாது என்று அப்பாவிடம் சொன்னாள். தன் கம்பெனியில் ஏதாவது லைனில் சேர்த்துவிடுகிறேன் என்று அப்பா சொன்னபோது அவள் எழுந்து போய்க் கோல்களைத் துடைக்க ஆரம்பித்தாள். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆயுதபூஜை வந்தது. அப்பாவின் ஸ்பேனர், அரிவாள்மனை, என் புத்தகங்கள், இவற்றோடு அத்தையின் கோல்களையும் வரிசையாகச் சாய்த்துவைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனம் குங்குமம் வைத்தாள் அம்மா. பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக் கூடாது. புத்தகத்தைத் தொட முடியாதே என்று நான் வருத்தப்பட்டதாக நினைவில்லை. அத்தைதான் கையைப் பிசைந்துகொண்டு கோல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். போட்டிக்கு முந்தின நாள் பழகிப் பார்க்கக்கூட வழியில்லை.

அன்று சாயங்காலம் அப்பா கம்பெனிப் பூஜை முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்தார். ஒரகடத்தில் அன்று ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்பார்கள். எந்த வாசலில் உடைத்ததோ தெரியவில்லை, அப்பாவின் முன்சக்கரம் அதில் வழுக்கியது. யார் யாருக்கோ பட்ட கண்ணையெல்லாம் கழிக்க உடைத்த பூசணி எங்கள் அப்பாவின் கணுக்காலில் வந்து சேர்ந்தது. எலும்பு முறியவில்லை. ஆனால் கால் வீங்கி, தரையில் ஊன்ற முடியாமல் இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்து இறக்கினார்கள்.

காலை எழுந்ததும் அதுதான் பேச்சு. பை தூக்க ஆள் இல்லாமல் போனால் ஆட விடமாட்டார்கள். அப்பா நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு அம்மாவைப் பார்த்தார், பிறகு அத்தையைப் பார்த்தார். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் வரேன்னு சொல்லு" என்றாள் அம்மா.

"யாரும் வர வேணாம்னு சொல்லு" என்றாள் அத்தை. ஆனால் சொல்லிவிட்டு நகரவில்லை. அம்மா அடுப்படிக்குப் போய் அவசர அவசரமாக ஏதேதோ செய்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து பையைத் தோளில் மாட்டினாள். பை அவளை ஒருபக்கமாகச் சாய்த்தது. நாங்கள் கிளம்பினோம்.

அந்த மைதானத்தை முதன்முதலில் பார்த்த நிமிஷம் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. கேட்டுக்கு வெளியே கன்டெய்னர் லாரிகளும் புழுதியும். உள்ளே நுழைந்தால் புல். கண் போகிற தூரம்வரை புல். ஏறி இறங்கி, வளைந்து, ஒரு காகிதம், ஒரு செருப்புக்கூடக் கிடக்காத புல். தூரத்தில் மரங்களுக்கு மேலே கம்பெனிகளின் நீலக் கூரைகள் தெரிந்திருக்காவிட்டால் நாங்கள் வேறு தேசத்துக்கு வந்துவிட்டோம் என்றே நினைத்திருப்பேன். அத்தனை பெண்கள் நின்றுகொண்டிருந்தும் யாரும் சத்தமாகப் பேசவில்லை. கொடி நிற்கும் வட்டமான இடம் வந்ததும் அம்மா தானாகச் செருப்பைக் கழற்றினாள். என்னையும் கழற்றச் சொன்னாள். அவ்வளவு வழவழப்பான ஒரு தரையைச் செருப்போடு மிதிக்க அவளுக்கு மனம் வரவில்லை. மற்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். போட்டியை நடத்திய, ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. அம்மா அன்று முழுவதும் ஒவ்வொரு கொடிக்கும் செருப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

அத்தையோடு ஜோடியாக ஆடியது சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வரும் ஓர் அக்கா. எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். அவருக்குப் பை தூக்க அவர் புருஷன் வந்திருந்தார். அவர்கள் இருவரும் சின்னக் குரலில் பேசிக்கொண்டே நடந்தார்கள். எங்கள் பக்கம் அத்தை முன்னால் விடுவிடு என்று நடப்பாள், அம்மா பையோடு பின்னால் மூச்சு வாங்குவாள், நான் நடுவில் ஓடுவேன்.

முதல் அடியே தைலமரங்களுக்குள் போய் விழுந்தது. அத்தைக்குக் கோபம். கோபத்தோடு அடித்த அடுத்ததும் மரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. கோலைத் திட்டும் சார்போல அவளும் முணுமுணுக்க ஆரம்பித்தாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அப்பா சொல்வது அவளைப் பார்த்துத்தான். எனக்கு அழுகை வந்தது.

இரண்டாவது குழியில்தான் அது நடந்தது. நடந்தது என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. அத்தை என்னிடம், "ஆறாம் நம்பர் குடுக்கச் சொல்லு" என்றாள். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா பையைத் துழாவி ஒரு கோலைக் கொடுத்தாள். நான் ஓடிவந்து கொடுத்தால் அதன் தலையில் பொறித்திருந்த எண் ஒன்பது. அம்மா அதைத் தலைகீழாகப் பார்த்திருந்தாள். திரும்ப ஓடினேன். அம்மா மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். அதை அத்தையிடம் சொல்ல ஓடினேன், கோலை மறந்துவிட்டேன். மறுபடி ஓடினேன். நான் இப்படி அல்லாடிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அத்தைக்குச் செய்ய ஒன்றும் இல்லை. புல்லைப் பார்த்தாள். வானத்தில் ஏதோ ஒரு கொக்கு போனதைப் பார்த்தாள். தண்ணீர் குடித்தாள். கோல் அவள் கைக்கு வந்தபோது முணுமுணுப்பு நின்றிருந்தது.

அவள் பந்தின் முன்னால் நின்றாள். நான் அவ்வளவு பக்கத்திலிருந்து அத்தையின் முகத்தை அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த முகத்தைப் பார்த்ததில்லை. கோபம் இல்லை, பயம் இல்லை, தெருவையே ஆட்டிவைக்கும் அந்த வாய் இருந்த இடமே தெரியவில்லை. கூப்பிட்டால் பதில் சொல்ல உள்ளே ஆள் இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது. கோல் பின்னால் போனது தெரிந்தது. முன்னால் வந்தது தெரியவில்லை. ஒரு சத்தம், அவ்வளவுதான். பந்து எழுந்தது, எழுந்துகொண்டே போனது, கம்பெனிக் கூரைகளுக்கு மேலே ஒரு கணம் நின்றதுபோல இருந்தது, பிறகு மெதுவாக இறங்கி, கொடி நிற்கும் வட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது. இவள் எங்கள் வீட்டில் பாத்திரம் விளக்குகிறவள்தானா என்று நினைத்தேன். பின்னால் திரும்பிப் பார்த்தால் அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். என்ன பெரிய வித்தை என்று கேட்டவள், அதை அன்றுதான் கண்ணால் பார்க்கிறாள்.

அதற்குப் பிறகு நான் வேகமாக ஓடினால் அத்தைக்குப் பிடிக்கவில்லை. "மெதுவா போ" என்றாள். ஒவ்வொரு அடிக்கும் அவள் சொல்ல, நான் நடக்க, அம்மா தேட, நான் திரும்ப, அதற்குள் போன அடி எங்கோ போய்விடும். குழிக்குக் குழி அவள் அந்த அக்காவை நெருங்கிக்கொண்டே வந்தாள்.

கிட்டத்து அடிதான் பழையபடி இருந்தது. குழிக்கு அருகில் போனதும் அந்த முகம் கலைந்துவிடும். தோள் இறுகும். விரல்கள் கோலைப் பிடித்துப் பிடித்து விடும். இரண்டு இடங்களில் முழத் தூரத்துப் பந்து குழியின் விளிம்பில் சுற்றிவிட்டு வெளியே நின்றது. இரண்டாவது முறை அத்தை நிமிர்ந்து என்னைக் கூப்பிட்டாள். அவள் கண் சிவந்திருந்தது.

"உங்கம்மாகிட்ட போய் சொல்லு. இதுக்கு அவங்க சொன்னாமாரி காலாலயே தள்ளியிருக்கலாமாம். ஒரு வருசமா காதுல அதான் கேட்டுகினு கீது."

நான் வார்த்தை மாறாமல் போய்ச் சொன்னேன். கொடியைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நின்ற அம்மாவின் முகம் அப்படியே நின்றுவிட்டது. தான் ஆறுதலாகச் சொன்ன ஒரு வாக்கியம் இன்னொருத்தியின் கைக்குள் புகுந்து ஒரு வருடமாக நடுங்கிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். "போய் சொல்லு..." என்று ஆரம்பித்தாள். நான் காத்திருந்தேன். "வேணாம். ஒண்ணும் சொல்லாத" என்றாள். என் தபால் வாழ்க்கையில் பதில் இல்லாமல் நான் திரும்பியது அது ஒரு முறைதான். அத்தையும் பதில் எங்கே என்று கேட்கவில்லை.

கடைசிக் குழிக்கு வந்தபோது இருவரும் சமம், மற்ற எல்லோரையும்விட முன்னால். முன்பே ஆடி முடித்த பெண்களும் அவர்களின் வீட்டுக்காரர்களும் அங்கே வந்து கூடியிருந்தார்கள். சமமாகவே முடிந்தால் வேலைக்கு முதலில் சேர்ந்தவருக்குத்தான் இடம் என்று மாஸ்டர் காலையிலேயே சொல்லியிருந்தார். முதலில் சேர்ந்தவர் அந்த அக்கா. ஆகவே அத்தை ஜெயித்தே தீரவேண்டும்.

அந்தக் குழிக்கு முன்னால் ஒரு குளம். அந்த அக்கா பத்திரமாகக் குளத்தைச் சுற்றி அடித்தார். அத்தை குளத்தைத் தாண்டி அடித்தாள். பந்து தண்ணீருக்கு மேலே போனபோது அதன் நிழலும் தண்ணீரில் கூடவே போனதைப் பார்த்தேன். அது அக்கரையில் விழுந்து, உருண்டு, கொடியை நோக்கிப் போனபோது மாஸ்டர் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அப்புறம் அத்தை ஒரு அடி மெல்லத் தள்ளினாள். பந்து குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அந்த அக்கா தன் ஆட்டத்தை முடித்துவிட்டு ஒதுங்கினார். இனி இந்த ஒரு பந்து. உள்ளே போனால் ஓர் அடி குறைவு, அத்தைக்கு அந்தப் புல் சொந்தம். போகாவிட்டால் இல்லை.

ஒரு முழத் தூரம்.

அத்தை பந்தின் முன்னால் போய் நின்றாள். விரல்கள் கோலைப் பிடித்தன, விட்டன, பிடித்தன. விலகி வந்தாள். மறுபடி போய் நின்றாள். அவள் தோள் இறுகுவது அவ்வளவு தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. மறுபடி விலகினாள். கூட்டத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். எனக்கு அம்மன் பெயர்கூட மறந்துவிட்டது. சாமி சாமி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அத்தை கோலைக் கீழே ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். என்னைத் தேடவில்லை. நேராகக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவிடம் போனாள். பக்கத்தில், மிகப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணி, இட்லிக்கு ஊறப் போட்டுட்டு வந்தியா?"

அம்மா விழித்தாள். நானும் விழித்தேன். அம்மா சொன்னாள்: "உளுந்து போட்டேன். அரிசி போட மறந்துட்டேன்."

"மறந்துட்டியா? நீயா?"

"காலையில கை ஓடல. இன்னா பண்ணச் சொல்ற."

அத்தை அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலில் அம்மா எதையும் மறந்து யாரும் பார்த்ததில்லை. "வுடு. வடை சுட்டுக்கலாம்" என்றாள் அத்தை.

"மொளகு போட்டா?"

"ம். மொளகு போட்டு."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, வாழ்வா சாவா என்று ஒரு பந்து கிடக்கிறது, இவர்கள் இட்லியையும் வடையையும் பேசுகிறார்கள். ஒரு வருடம் பேசாமல் இருந்துவிட்டுப் பேச இதுதானா கிடைத்தது, அதுவும் இப்போதா, அதுவும் என்னைக் கேட்காமலா.

அத்தை திரும்பிப் போனாள். பந்தின் முன்னால் நின்றாள். அந்த முகம் வந்திருந்தது. தூரத்து அடிகளில் மட்டும் வந்துபோன அந்த முகம், முழத் தூரத்தில் வந்து நின்றது. அவள் உதடு லேசாக அசைந்ததாக நான் சத்தியம் செய்வேன். என்ன சொன்னாள் என்று தெரியாது. கோல் அசைந்தது. பந்து எந்த அவசரமும் இல்லாமல் உருண்டுபோய், குழியின் நடுவில், தன் வீட்டுக்குள் போகிற மாதிரி உள்ளே போனது. அது உள்ளே விழுந்த சின்னச் சத்தம்கூட எல்லோருக்கும் கேட்டது.

பிறகுதான் கூட்டம் கத்தியது. அந்த அக்காதான் முதலில் ஓடிவந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். மாஸ்டர் ஏதோ இங்கிலீஷில் சொன்னார். அத்தை குழிக்குள் இருந்த பந்தை எடுக்கவே இல்லை; அவள் அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா கொடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். நான் போய்ப் பந்தை எடுத்தேன். அதில் கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருந்தது.

ஒரகடம் கூட்டு ரோட்டில் ஷேர் ஆட்டோ ஏறினோம். எப்போதும் அவர்கள் இருவருக்கும் நடுவில்தான் என் இடம். அன்று என்னை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு இருவரும் ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள். பையை இருவர் மடியிலும் குறுக்காகப் போட்டுக்கொண்டார்கள். யாரும் என்னிடம் எதையும் யாருக்கும் சொல்லச் சொல்லவில்லை. வேலை போனவர்கள் முகத்தை எப்படி வைத்துக்கொள்வார்கள் என்று அன்று எனக்குத் தெரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தேன். ரோட்டில் முந்தின நாள் உடைத்த பூசணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

அவர்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். காலையிலிருந்து ஊறிய உளுந்து எண்ணெய் குடிக்குமே என்றாள் அம்மா. கொஞ்சம் அரிசி மாவு தூவினால் குடிக்காது என்றாள் அத்தை. தண்ணீர் தெளிக்காமல் அரைக்கணும் என்றாள் அம்மா. நீ அரை, நான் தட்டிப் போடுகிறேன் என்றாள் அத்தை. எப்போதோ ஒரு தீபாவளிக்கு உப்பு அதிகமாகிப்போன வடையைப் பற்றிப் பேச்சு வந்தது. அத்தை சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள்; சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அத்தையும் துடைத்தாள். புழுதி அடிக்கிறது என்று நினைத்து நானும் ஒருமுறை துடைத்துக்கொண்டேன். சேரப்பணஞ்சேரி வந்து இறங்கும்வரை அந்தப் பேச்சு ஓயவில்லை. இவ்வளவு நேரம் பேசுவதற்கு ஒரு கிண்ணம் உளுந்தில் என்னதான் இருக்கிறது என்று எனக்கு ஒரே எரிச்சலாக இருந்தது. அவர்கள் உளுந்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வருகிறார்கள் என்றே நான் நினைத்திருந்தேன்.